காலண்டர் தாளில் போட்ட பிளான்

சாந்த ரீத்தா மேட்டில் யாரும் வீட்டுக்குப் பிளான் போடுவதில்லை. பக்கத்து வீட்டைக் கை காட்டி, "இதே மாதிரி, கொஞ்சம் பெருசா" என்பார்கள். அவ்வளவுதான் பிளான். நானும் இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தேன். தெருவைப் பார்த்து ஒரு வரவேற்பறை, நடுவில் நீளமாக ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் படுக்கையறைகள், கடைசியில் சமையலறை, மூலையில் கழிப்பறை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுப்பிவிடுவேன். லீமா நகரத்தின் தெற்கு ஓரத்தில் மணல் சரிவில் ஏறி நிற்கும் அந்தத் தெருக்களில் எவரிஸ்தோ மேஸ்திரி என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொமிதிலா என்னைத் தேடி வந்தார். நாலு தெரு தள்ளி இருப்பவர். திங்கள் முதல் சனி வரை நகரத்துப் பணக்கார வீடுகளில் துப்புரவு வேலை. விடியும் முன்பே பஸ் பிடித்துப் போய் இருட்டியபின் திரும்புகிறவர் என்பதால் முகத்தைப் பார்த்ததை விட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். அவருடைய கணவர் அன்செல்மோ ஒரு துணிக்கிடங்கில் இரவுக் காவலாளி. ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குகிறவர். பதினேழு வயதில் நேலிதா என்று ஒரு மகள். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே, பதினெட்டு வருஷமாக, ஒட்டுப்பலகையால் அடித்த ஒரே அறையில் குடியிருந்தார்கள்.

"மேஸ்திரி, வீடு கட்டணும்" என்றார்.

"கட்டிடலாம்மா. யார் வீடு மாதிரி?"

"யார் வீடு மாதிரியும் இல்ல." சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாளை என் மேஜையில் விரித்தார். முன்பக்கம் கோழிக்கடை விளம்பரம். பின்பக்கம் பென்சிலில் கட்டம் கட்டமாக ஒரு வீடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சிரிங்க, பரவாயில்ல. இருபத்திரண்டு வருஷமா வீடு துடைக்கிறேன். எந்த வீட்டைக் கட்டினவனுக்குப் புத்தி இருந்துச்சு, எவனுக்கு இல்லன்னு என் துடைப்பத்தைக் கேளுங்க, சொல்லும். இதோ, கழிப்பறைப் பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவுல இவ்வளவு இடம். என் கை போகணும், துணி போகணும். இதோ, கதவெல்லாம் சுவரை ஒட்டித் திறக்கும். நான் போற ஒரு வீட்டுல சமையலறைக் கதவும் அலமாரிக் கதவும் தினமும் முட்டிக்குது. அதைக் கட்டினது பெரிய இன்ஜினியர்!"

"அளவெல்லாம் எப்படி எடுத்தீங்க?"

"துடைப்பக் கட்டையால. ஒரு கட்டை ஒரு மீட்டர் இருபது."

தாளைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தேன். மனை எட்டு மீட்டர் அகலம், பதினைந்து மீட்டர் நீளம். பின்பக்கம் மூன்று அறைகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் இவருடைய துணிமணிக்கும் மகளுக்குமாக ஒன்று, மறு ஓரத்தில் சமையலறை, நடுவில் அன்செல்மோ தூங்க ஒன்று. இரண்டு மீட்டர் எண்பது, இரண்டு நாற்பது, இரண்டு எண்பது. கூட்டிப் பார்த்தேன். சரியாக எட்டு.

"கணக்கு சரியா இருக்கே" என்றார் பெருமையாக.

"கணக்கு சரி. சுவர் எங்கம்மா?"

"இதோ, கோடு."

"கோடு தெரியுது. அதோட கனம்? ஒவ்வொரு சுவரும் பதினஞ்சு சென்டிமீட்டர். நாலு சுவர். அறுபது சென்டிமீட்டர் போச்சு."

தொமிதிலா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். தினமும் சுவரைத் துடைக்கிறவர், சுவருக்குக் கனம் இருப்பதை மறந்திருக்கிறார். அது யாருக்கும் நேர்வதுதான். பென்சில் கோட்டுக்கு ஏது கனம்? பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்த அறுபதை யார்கிட்டேருந்து எடுக்கிறது?"

"அது உங்க வீட்டு விஷயம்."

"சமையலறையில எடுக்க முடியாது. பொண்ணு படிக்கணும், அதுலயும் முடியாது." பென்சில் நடு அறைக்கு வந்தது. "அவர் தூங்கத்தானே போறார்." இரண்டு நாற்பது ஒன்று எண்பதானது.

அடுத்த ஞாயிறு திருத்திய தாளோடு வந்தார். அப்போதுதான் எனக்குப் பட்டது, படிக்கட்டைக் காணோம்.

"மாடிக்கு எப்படிப் போவீங்க?"

"மாடியே இல்லையே."

"இப்ப இல்ல. உங்க பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா எங்க இருப்பா? இந்த மேட்டுல எந்தத் தூணோட கம்பியையாவது மட்டமா வெட்டி விட்டிருக்காங்களா? எல்லாம் மேல கட்டத்தானே நீட்டி விட்டிருக்கு?"

அதுவும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். படிக்கட்டுக்கு இடம் தேடினோம். பின்சுவரை ஒட்டி ஏற்றலாம் என்று நான்தான் சொன்னேன். அப்படிச் செய்ததில் நடு அறையின் நீளம் மூன்று மீட்டரிலிருந்து இரண்டு இருபதுக்கு வந்தது. அதன் ஜன்னலும் அடைபட்டது.

"பகல்ல தூங்குறவருக்கு வெளிச்சம் எதுக்கு? அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் தொமிதிலா. மூன்றாவது தாளில் சுத்தமாக வரைந்து, ஒவ்வொரு அறையிலும் பெயர் எழுதிக் கொண்டுவந்தார். நடு அறையில் 'அன்செல்மோவின் தூக்கம்' என்று எழுதியிருந்தது.

ஆகஸ்டு மாதம், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், வேலை தொடங்கியது. மேட்டையே மூடுபனி மூடியிருந்தது. முதல் நாள் ஆறு பேர் சேர்ந்து அந்தப் பலகை அறையைச் சுவர் சுவராகக் கழற்றி, பக்கத்துக் காலி மனையில் கொண்டுபோய் நிறுத்தினோம். மறுநாள் ஞாயிறு. தொமிதிலா கூடவே இருந்தார். நானும் என் மச்சான் வில்பெரும் முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் வீடு முழுவதையும் தரையில் போட்டோம். நாற்பது வயதாகியும் வில்பெர் என் கூடவே கலவை குழைக்கிறவன். வாய் மட்டும் அவனுக்குத் தனி மேஸ்திரி.

கோடு போட்டு முடித்ததும் தொமிதிலா வாசல் வழியாக உள்ளே வந்தார். நிஜமாகவே வாசல் வழியாக. கோட்டைத் தாண்டாமல், கதவுக்கு விட்ட இடைவெளிகளில் மட்டும் நுழைந்து அறை அறையாக நடந்தார். நேலிதா இரண்டு காய்கறிப் பெட்டிகளை அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்து, இல்லாத சட்டியைக் கிளறிப் பார்த்தாள். வில்பெர் மண்வெட்டியோடு குறுக்கே நடந்தான்.

"வில்பெர், அது சுவர்!" என்று அதட்டினார் தொமிதிலா.

"மன்னிச்சுக்கங்கம்மா. தலையில இடிக்கல, அதான் தெரியல."

நேலிதா சிரித்தாள். அந்தப் பெண் சிரிப்பதை அன்றுதான் பக்கத்தில் பார்த்தேன். தோள் குலுங்குகிறது, கண்ணில் நீர் வருகிறது, வாயிலிருந்து சத்தம் மட்டும் வரவில்லை. அப்பா தூங்கும் அறையிலேயே வளர்ந்தவள். அந்த வீட்டில் எல்லோரும் பேசுவது காற்றுப் போலத்தான் வெளியே வரும்.

எட்டு மணிக்கு அன்செல்மோ வேலை முடிந்து வந்தார். காவலாளிச் சட்டை, கையில் ரொட்டிப் பொட்டலம். சுண்ணாம்பு வாசலுக்கு வெளியே நின்று காற்றில் மூன்று தட்டுத் தட்டினார்.

"உள்ள வா, உன் அறையைக் காட்டுறேன்" என்று தொமிதிலா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். "பாரு, கடைசியில போட்டிருக்கேன். தெருச் சத்தம் வராது. தண்ணி லாரி வந்தாலும் கேக்காது. நாய் குரைச்சாலும் கேக்காது. கும்மிருட்டா இருக்கும். நீ நிம்மதியாத் தூங்கலாம்."

அன்செல்மோ சுண்ணாம்புக் கோட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லா இருக்கு தொமி" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"கட்டில் நுழையுமா மேஸ்திரி?" என்று என்னைக் கேட்டார் தொமிதிலா. நான் அளவு நாடாவை எடுப்பதற்குள், "இருங்க, படுத்தே பார்த்துடறேன்" என்று சொல்லி, ஒரு சிமெண்டுச் சாக்கை விரித்து அந்தக் கட்டத்துக்குள் மல்லாந்து படுத்தார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் கையை விரித்தார். ஒரு கை ஒரு சுவரில் பட்டது, மறு கை மறு சுவரில் பட்டது. கையை எடுக்கவில்லை. அப்படியே மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். மேலே வெள்ளையாக மூடுபனி. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"மேஸ்திரி, இதுல ஜன்னல் எங்க?"

"படிக்கட்டு வந்துச்சேம்மா. நாமதானே அடைச்சோம்."

"ஆமா. நாமதான் அடைச்சோம்."

எழுந்தார். உடம்பிலிருந்த மணலைத் தட்டினார். காலையிலிருந்து ஒரு கோட்டையும் மிதிக்காத பெண் நேராகச் சுவரின் மேலேயே நடந்து வெளியே வந்து, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்பில் அவருடைய செருப்புத் தடம் பதிந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று நேலிதா ஓடிப்போய்க் கேட்டாள்.

"நான் ஊரை விட்டு, வாங்காவெலிக்காவிலிருந்து லீமாவுக்கு வந்து முதல்ல வேலைக்குச் சேர்ந்த வீடு ஞாபகம் வந்துச்சு" என்றார் தொமிதிலா. "பதினேழு வயசு. சமையலறைக்குப் பின்னால, துணி துவைக்கிற இடத்தைத் தாண்டி ஒரு அறை. நாலு வருஷம் அதுலதான் படுத்தேன். இதே அளவு. கையை நீட்டினா ரெண்டு சுவரும் தொடும். ஜன்னல் கிடையாது. விடிஞ்சுதா இல்லையான்னு பார்க்கவே கதவைத் திறக்கணும். எஜமானியம்மா நல்லவங்கதான். 'உனக்குத் தூங்கத்தானே'ன்னு சொல்லுவாங்க." தன் கையை விரித்துப் பார்த்தார். "யாரும் சொல்லாம, நானே என் கையால அதே அறையைப் போட்டிருக்கேன். அதுவும் இவருக்கு."

வில்பெர் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

இதில் நான் ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். நகரத்தில் கட்டட வேலைக்குப் போன காலத்தில் வேலைக்காரிக்கான அந்த மாதிரி அறைகளை நான் எத்தனையோ கட்டியிருக்கிறேன். இன்ஜினியர் தரும் வரைபடத்தில் அது கடைசியாகத்தான் வரும். எல்லோருக்கும் இடம் கொடுத்தபின் என்ன மிஞ்சுகிறதோ அது. தொமிதிலா ஒன்று எண்பது என்று எழுதியபோதே என் கைக்கு அந்த அளவு தெரிந்துவிட்டது. படிக்கட்டைக் கொண்டுபோய் அதன் ஜன்னலில் வைக்கச் சொன்னதும் நான்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேட்டதைக் கட்டிக் கொடுப்பதுதான் என் வேலை என்று இருந்துவிட்டேன்.

அன்செல்மோ மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தொமி, நான் ஒண்ணு சொல்லவா? எனக்குச் சத்தமில்லாத அறை வேண்டாம்."

"பகல்ல தூங்குற மனுஷனுக்குச் சத்தம் வேணுமா?"

"ராத்திரி பூரா அந்தக் கிடங்குல தனியா உக்காந்திருக்கேன். துணி மூட்டைங்க பேசாது. வீட்டுல எல்லாரும் இருக்கிற ஞாயித்துக்கிழமைகூட நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறீங்க. என்ன பேசுறீங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன், தூக்கம் எப்படி வரும்? என்னைக்காவது உன் கை தவறிச் சட்டி உருண்டாத்தான் நான் நல்லாத் தூங்குவேன். எல்லாரும் வீட்டுல இருக்காங்கன்னு தெரியும்."

தொமிதிலா அவரையே பார்த்தார். "பதினெட்டு வருஷம்! பதினெட்டு வருஷமா இதை ஏன்யா சொல்லல?"

"நீங்க எனக்காகப் பொத்திப் பொத்தி நடந்தீங்க. எப்படிச் சொல்றது?"

"அப்பா," என்றாள் நேலிதா, "நான் அஞ்சாம் வகுப்புலேர்ந்து பாட்டைக்கூட மனசுக்குள்ளேயே பாடுறேன்ப்பா!"

அதைச் சொன்னபோது அவள் குரல் கீச்சென்று உயர்ந்தது. அந்தக் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். தொமிதிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டையும் செய்தார்.

அன்று வேலையை நிறுத்தினோம். இரண்டு வாரம் ஆளைக் காணோம். மூன்றாவது ஞாயிறு புதுத் தாளோடு வந்தார். பென்சிலை விட ரப்பர் அதிகம் வேலை செய்த தாள். இந்த முறை ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கோடு போட்டு நடுவில் கறுப்பாகத் தீட்டியிருந்தார்.

நடு அறையைக் காணோம். அந்த இடம் முழுவதையும் படிக்கட்டும் ஒரு சின்ன முற்றமும் எடுத்துக்கொண்டிருந்தன. அன்செல்மோவும் அவரும் படுக்கும் அறை முன்பக்கம் வந்திருந்தது. தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், வேண்டும்போது இருட்டாக்க மரக்கதவு. அதை ஒட்டியே சமையலறை. நான் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

"வரவேற்பறை எங்கம்மா?"

"இல்ல."

"இல்லன்னா? வீடுன்னா வரவேற்பறை இருக்கணுமே. நாலு பேர் வந்தா எங்க உக்காருவாங்க?"

"உங்க வீட்டுக்கு நாலு பேர் வந்தா எங்க உக்காருறாங்க மேஸ்திரி?"

யோசித்தேன். "சமையலறையில."

"பின்ன? இருபத்திரண்டு வருஷமா யாரும் உக்காராத சோபாவைத் தட்டித் தட்டி வைக்கிறேன். எனக்குன்னு ஒண்ணு வாங்கி அதையும் தட்டணுமா? பத்துப் பேர் உக்காருற மாதிரி மேஜை போடப் போறேன். சமையலறை அந்த அளவுக்கு இருக்கட்டும்."

சரி என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் கை பழக்கத்தை விடுமா? அஸ்திவாரம் தோண்டி, தூண் நிறுத்தி, சுவர் எழுப்பும்போது சமையலறைச் சுவரை நான் எப்போதும் போடும் இடத்தில் வைத்துவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை. இருபது சென்டிமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இடுப்பளவு எழும்பியபின் ஒரு சனிக்கிழமை மாலை தொமிதிலா துடைப்பக் கட்டையோடு வந்தார். மூன்று முறை அளந்தார். கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருபது சென்டிமீட்டர்ம்மா. பூச்சு பூசினா தெரியவே தெரியாது" என்றேன்.

"மேஜையிலிருந்து எழுந்திருக்கிறவனுக்குத் தெரியும். நாற்காலி சுவர்ல இடிக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இடிக்கும்."

"மச்சான்," என்றான் வில்பெர் என் காதில், "இந்தம்மா அளந்தா அளந்ததுதான். வீம்பு பிடிக்காம இடி."

நாலு வரிசை, ஐந்து வரிசை என்று என் கையாலேயே இடித்தேன். கோபம் வந்தது உண்மை. செங்கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது அது தணிந்துவிட்டது. என் வாழ்க்கையில் என் சுவரை ஒருத்தர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜனவரியில் தளம் போட்டோம். தெருவே வந்தது. கலவை எந்திரத்திலிருந்து வரிசையாக ஆள் நின்று வாளி வாளியாகக் கைமாற்றி மேலே ஏற்றினோம். தொமிதிலா வேலை செய்யும் வீடுகளில் ஒன்றிலிருந்துகூட ஒரு அம்மா வந்து, புத்தம்புது ஷூவோடு வரிசையில் நின்று நாற்பது வாளி கைமாற்றினார். பெண்கள் காய்ந்த உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் போட்டுப் பெரிய சட்டியில் சமைத்தார்கள். மத்தியானம் கடைசி வாளி கொட்டியதும், எங்கள் ஊர் வழக்கப்படி, பூச்சுற்றிய சிலுவையைத் தளத்தின் ஓரத்தில் நட்டு, பீர் பாட்டிலை உடைத்தோம். வில்பெர் ஆடினான். அன்செல்மோ அன்றைக்குத் தூங்கவே இல்லை.

குடிபோன பிறகு ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அந்த வழியாகப் போனேன். முன் ஜன்னலின் மரக்கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அன்செல்மோவின் குறட்டை. சமையலறையில் நேலிதா ஏதோ பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டு சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுதி சேரவில்லை. குறட்டை நிற்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கழிப்பறை விளக்கின் சுவிட்சுக்கு இடம் குறிக்கத் தொமிதிலா மறந்துவிட்டார், எலக்ட்ரீஷியன் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, இருட்டில் தடவித்தான் போட வேண்டும். "துடைக்கிறவளுக்கு வெளிச்சம் போடுறது எங்கன்னு தெரியல பாருங்க" என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது என் மனைவி ரூஃபினா சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சமையலறையை நான் கட்டிப் பதினாறு வருஷம் ஆகிறது. கண்ணை மூடிக் கட்டிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. பாத்திரத் தொட்டி வெளியே இருக்கிறது. அவள் சட்டியைக் கையில் ஏந்தி, முழங்கையால் கதவைத் தள்ளி, இடுப்பால் அதைத் தாங்கிப் பிடித்து, ஒரு படி இறங்கிப் போய்க் கழுவிவிட்டு வந்தாள். இத்தனை வருஷம் நான் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

"ரூஃபினா," என்றேன், "இந்தத் தொட்டியை எங்க வச்சா உனக்குத் தோதா இருக்கும்?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். நான் குடித்திருக்கிறேனா என்று ஒரு முறை முகர்ந்து பார்த்தாள்.

"தொட்டியை மட்டுமா கேக்குற, இல்ல எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அப்ப உக்காரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சீக்கிரம் முடியாது."